பாடகர் விலகிய பின் வரும் இரண்டாவது ஆல்பம்: பழைய குரலையும் புதிய குரலையும் சேர்த்து வைக்கலாமா?

வியாசர்பாடி_பேஸ் கேட்கிறார்:

வணக்கம். வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் வளர்ந்த நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய தமிழ் ராக் குழு ஒன்றில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எட்டுப் பாடல்கள் கொண்ட எங்கள் முதல் ஆல்பத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியிட்டோம். பேப்பர் மில்ஸ் சாலையை ஒட்டிய ஒரு மாடி அறையில், பக்கத்து வீட்டாரின் பொறுமையைச் சோதித்து நாங்களே பதிவு செய்த ஆல்பம் அது. அதில் ஆறு பாடல்களுக்குச் சொல்லும் மெட்டும் எங்கள் பாடகருடையவை. சென்ற ஆண்டு அவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஒன்பது மாதம் கடலிலும் மூன்று மாதம் கரையிலுமாக இருந்துகொண்டு குழுவில் தொடர முடியாது என்று அவரே சொல்லி விலகிக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன் இரண்டாவது ஆல்பத்துக்காக மூன்று பாடல்களை முழுமையாகப் பாடிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது ராயபுரத்தில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடிவந்த ஒரு பெண் எங்களோடு சேர்ந்திருக்கிறார். அவர் குரலை மனத்தில் வைத்து ஐந்து புதிய பாடல்களை அமைத்திருக்கிறோம். அந்த மூன்றையும் இந்த ஐந்தையும் ஒரே ஆல்பத்தில் வைப்பது சரியாக இருக்குமா என்பதுதான் என் கேள்வி. பழைய குரல் ஒரு பாட்டில் ஒலித்தால்கூடக் கேட்பவர்கள் புதியவரை விருந்தாளியாகத்தான் நினைப்பார்கள் என்கிறார் டிரம்ஸ் வாசிப்பவர். மூன்றையும் புதியவரையே பாடவைத்துவிடலாம் என்கிறார் கிட்டார் வாசிப்பவர். இரண்டுமே எனக்கு மனத்துக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் நாங்கள் இதுவரை செய்தவற்றில் அந்த மூன்றுதான் சிறந்தவை. ராக் குழுக்களில் முக்கியமான ஒருவர் மாறிய பின் வந்த இரண்டாவது ஆல்பங்களில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் பழைய பாடல்கள் பெரும்பாலும் கிட்டாரின் அடித்தந்தியான ‘ஈ’யைத் திறந்து மீட்டும் ரிஃப்களின் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் தொடர்களின்) மேல் அமைந்தவை, அந்தச் சுருதி புதியவருக்கு மிகவும் தாழ்வாக இருக்கிறது.

மூர்மார்க்கெட்_இசைத்தட்டு:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கில ராக் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’தான் எனக்கு நினைவுக்கு வந்தது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அங்கே பழைய இசைத்தட்டு விற்ற ஒருவரிடம் பேரம் பேசி அதை வாங்கினேன். நான் அப்போது ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தேன். பெரம்பூரில் ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவரின் வீட்டில் இசைத்தட்டுக் கருவி இருந்ததால், ஞாயிறுதோறும் அங்கே போய்க் கேட்போம். கடைசிப் பாட்டைப் பாடுபவர் வேறு ஆள் என்பது எங்களுக்கு உறைக்கவே பல வாரங்கள் ஆயின.

அந்த ஆல்பம் உருவான நிலை உங்கள் நிலையை ஒத்ததுதான், ஆனால் காரணம் துயரமானது. 1967 ஆகஸ்டில் வந்த முதல் ஆல்பத்தின் 11 பாடல்களில் 8 குழுவின் பாடகரும் கிட்டார் வாசிப்பவருமான சிட் பாரெட் தனியாக எழுதியவை. பேஸ் வாசித்த ரோஜர் வாட்டர்ஸின் பெயரில் வந்தது ஒன்றே ஒன்று. அந்த ஆண்டின் இறுதிக்குள் பாரெட்டின் மனநிலை குலைந்து, மேடையில் நின்றும் வாசிக்காமல் இருக்கும் அளவுக்குப் போய்விட்டது. கேம்பிரிட்ஜ் நாட்களிலிருந்தே அவருக்கு நண்பரான டேவிட் கில்மோரை, கிட்டார் வாசிக்க ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். பாரெட் மேடை ஏறாமல் பாட்டு மட்டும் எழுதித் தரட்டும் என்றும் யோசித்துப் பார்த்தார்கள். 1968 ஜனவரியில் சவுத்தாம்ப்டனில் நடக்கவிருந்த நிகழ்ச்சிக்குக் காரில் போகும் வழியில், இன்று அவரை அழைத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். குழுவின் மேலாளர்கள் இருவரும், திறமை பாரெட்டிடம்தான் இருக்கிறது என்று நம்பி அவரோடு போய்விட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றைக்கு அது அறிவுள்ள முடிவாகவே தோன்றியிருக்கும்.

1968 ஜூனில் வந்த அந்த இரண்டாவது ஆல்பத்தில் 7 பாடல்கள். வாட்டர்ஸ் எழுதியவை மூன்று, கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் எழுதியவை இரண்டு, நால்வரும் சேர்ந்து அமைத்தது ஒன்று, பாரெட்டினுடையது ஒன்று. பாரெட்டின் அந்த ஒரு பாட்டான ‘ஜக்பேண்ட் ப்ளூஸ்’ முந்தைய ஆண்டே பதிவானது. நடுவில் சால்வேஷன் ஆர்மியின் பித்தளை வாத்தியக் குழு வந்து கலகலத்துவிட்டுப் போகிறது, பிறகு பாரெட்டும் அவருடைய கிட்டாரும் மட்டும் தனியாக நிற்கிறார்கள், ஆல்பம் முடிகிறது. அதை முதலிலோ நடுவிலோ வைத்திருந்தால் மீதிப் பாடல்களின் மேல் அவர் நிழல் விழுந்திருக்கும். கடைசியில் வைத்ததனால் அது விடைபெறுதலாக ஆகிவிட்டது. ஆகவே உங்கள் டிரம்ஸ் நண்பரின் அச்சத்துக்கு, பழைய குரலை எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பதுதான் பதில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரைட்டின் ‘சீ-சா’ என்ற பாட்டில் பாரெட்டைப் போலவே சிறுவயது நினைவுகளை எழுத முயன்றிருக்கிறார்கள். எனக்கு அது இன்றுவரை இரவல் சட்டையாகத்தான் தெரிகிறது. அதே தட்டில், கிட்டத்தட்ட 12 நிமிடம் ஓடும் தலைப்புப் பாட்டின் அமைப்பை வாட்டர்ஸும் டிரம்ஸ் வாசித்த நிக் மேசனும் தாளில் ஒரு வரைபடமாக வரைந்துதான் உருவாக்கினார்கள். இருவரும் கட்டடக்கலை படித்தவர்கள். பாட்டு எழுதத் தெரிந்தவர் போய்விட்டார் என்பதால், தங்களுக்கு எது தெரியுமோ அதை வைத்துத் தொடங்கினார்கள். விலகியவரைப் போல எழுதக்கூடிய ஒருவரை அவர்கள் தேடிக்கொண்டே இருந்திருந்தால் அந்தக் குழு அப்போதே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தண்டையார்பேட்டை_ட்ரெபிள்:

ஐயா சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் அந்த எடுத்துக்காட்டு இவர்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பிங்க் ஃபிளாய்டு தன் வழியை முழுதாகக் கண்டுகொண்டது 1973-இல்தான் என்று வைத்தால், நடுவே ஐந்து ஆண்டுகள் போயிருக்கின்றன. அந்த ஐந்து ஆண்டும் அவர்களுக்கு இ.எம்.ஐ. நிறுவனமும் அதன் ஒலிப்பதிவுக் கூடமும் இருந்தன. வாரக் கடைசியில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஒத்திகை பார்க்கும் குழுவுக்கு அவ்வளவு காலம் யார் தருவார்கள்?

எனக்கு இதைவிட நெருக்கமாகத் தெரிவது அயர்ன் மெய்டன் என்ற ஆங்கில ஹெவி மெட்டல் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘கில்லர்ஸ்’. குழுவின் தலைவர் ஸ்டீவ் ஹாரிஸ் உங்களைப் போலவே பேஸ் வாசிப்பவர். பிறந்த இடம் கிழக்கு லண்டனின் லேட்டன்ஸ்டோன். துறைமுகமும் தொழிற்சாலையும் கால்பந்துமாக இருந்த அந்தக் கிழக்கு லண்டன் வடசென்னைக்காரனுக்கு அந்நியமாகத் தோன்றாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 1980 ஏப்ரலில் முதல் ஆல்பம் வந்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் கிட்டார் வாசித்த டென்னிஸ் ஸ்ட்ராட்டன் விலக, ஏட்ரியன் ஸ்மித் வந்தார். 1981 பிப்ரவரியில் ‘கில்லர்ஸ்’ வெளிவந்தது. அந்த ஆல்பத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே மேடையில் வாசித்துப் பழகிய பாடல்கள்தான். தயாரிப்பாளராக மார்ட்டின் பர்ச் வந்ததால் ஒலி பல மடங்கு மேம்பட்டது, இரண்டு கிட்டார்களும் கைகோத்து ஓடுகின்றன, எல்லாம் சரி. ஆனால் முதல் ஆல்பத்துக்குப் போக மிஞ்சியவற்றின் கூடை என்ற உணர்வு எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வருகிறது. ஸ்மித்தின் பெயர் அதில் ஒரு பாட்டிலும் எழுதியவராக இல்லை. அடுத்த ஆண்டு வந்த ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ ஆல்பத்தில்தான் முதல்முறையாக வருகிறது. ஐயா குறிப்பிட்ட ஆல்பத்திலும் அப்படித்தானே? கில்மோரின் பெயர் நால்வர் சேர்ந்து அமைத்த ஒன்றில் மட்டும்தான் இருக்கிறது. வந்த புதிதில் வாசிக்க மட்டும் விடுகிறார்கள், எழுத விடுவதில்லை.

இதற்கு நேர்மாறானது ஏ.சி./டி.சி. என்ற ஆஸ்திரேலிய ராக் குழு. அதன் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று இறந்தார். பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு, அதே ஆண்டு ஜூலையில் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதன் பாட்டு வரிகளை எழுதும் பொறுப்பில் புதியவரான ஜான்சனும் முதல் நாளிலிருந்தே இருந்தார். மெட்டும் கிட்டாரும் குழுவின் கிட்டார் வாசிப்பாளர்களான யங் சகோதரர்களின் கையில் இருந்தன, சொல் அவர் வாயில் இருந்தது. அதனால்தான் அவர் அங்கே விருந்தாளியாக ஒலிக்கவில்லை.

ஆகவே என் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். அந்த ஐந்து புதிய பாடல்களில் ராயபுரத்துத் தங்கை எழுதியவை எத்தனை? ‘அவர் குரலை மனத்தில் வைத்து அமைத்திருக்கிறோம்’ என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குச் சற்று உறுத்துகிறது. பழைய குரலின் மூன்று பாடல்களையும் தனியே ஒரு சிறு தொகுப்பாக முதலில் வெளியிட்டுவிடுங்கள். ஆல்பத்தைப் புதியவரோடு, அவர் எழுதியதையும் சேர்த்து, முழுதாகச் செய்யுங்கள். நம் தெருவில் கானா பாடுபவர் மாறினால், புதிதாக வந்தவர் பழையவரின் மெட்டில் தன் சொல்லை ஏற்றித்தான் பாடுவார். பழைய சொல்லையே திரும்பச் சொன்னால் கூட்டம் எழுந்து போய்விடும்.

கொருக்குப்பேட்டை_மிக்ஸர்:

சுருதியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். திருமண மண்டபம் முதல் கோயில் திருவிழா வரை ஒலியமைப்பு செய்வது என் தொழில். சிறு குழுக்களின் பதிவுகளையும் மிக்ஸ் செய்து தருகிறேன்.

ஆண் குரலுக்கென்று அமைந்த மெட்டைப் பெண் பாடும்போது, அதே சுருதியில் பாடினால் அடிக்குரலில் முணுமுணுப்பாகவும், எட்டுச் சுரம் ஏற்றிப் பாடினால் கத்தலாகவும் போகும். இரண்டுக்கும் நடுவில் நான்கைந்து அரைச்சுரங்கள் ஏற்றுவதுதான் பெரும்பாலும் ஒத்துவரும். உங்கள் ரிஃப்கள் திறந்த ‘ஈ’ தந்தியை நம்பியிருப்பதால் கபோ (எல்லாத் தந்திகளையும் ஒரே கட்டத்தில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஏற்றலாம், ஆனால் ஐந்தாம் கட்டத்தில் கபோ போட்ட ரிஃப் பொம்மைக் கிட்டார் போல ஒலிக்கும். அதற்குப் பதிலாக ரிஃப்பை அப்படியே ஒரு தந்தி தள்ளி, ‘ஈ’யிலிருந்து ‘ஏ’வுக்கு நகர்த்திப் பாருங்கள். இரண்டு தந்திகளுக்கும் இடையே சரியாக ஐந்து அரைச்சுரம் என்பதால் விரல் அமைப்பு மாறாது, திறந்த தந்தியும் கிடைக்கும். ரிஃப் ‘ஜி’ தந்தி வரை ஏறினால் மட்டும், அதை அடுத்த ‘பி’ தந்திக்கு நகர்த்தும்போது ஒரு கட்டம் கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு தந்திகளுக்கு நடுவே இடைவெளி நான்குதான். கிட்டாரில் கொஞ்சம் கனம் குறையும். அதை ஈடுகட்டுவது பேஸ் வாசிக்கும் உங்கள் வேலை.

ஆனால் சுருதியை மாற்றினால் மட்டும் பாட்டு அவருடையதாகிவிடாது. பிளாக் சப்பாத் என்ற ஆங்கில ஹெவி மெட்டல் குழுவைக் கேட்டுப் பாருங்கள். 1970-இல் வந்த ‘அயர்ன் மேன்’ பாட்டில் ஆஸி ஆஸ்போர்னின் குரல் கிட்டார் ரிஃப் போகும் வழியிலேயே, அதன் நிழல்போலப் போகிறது. அவர் போய் ரானி ஜேம்ஸ் டியோ வந்ததும், 1980-இல் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ தலைப்புப் பாட்டில் அவர் பாடத் தொடங்கும்போது கிட்டார் பின்வாங்கிவிடுகிறது. பேஸ் அடியைத் தாங்க, குரல் தன் போக்கில் அகலமாக விரிகிறது. டியோ இருந்த இரண்டாவது ஆல்பமான ‘மாப் ரூல்ஸ்’ 1981-இல் வந்தபோது டிரம்ஸில் பில் வார்டுக்குப் பதிலாக வின்னி அப்பீஸ் வந்துவிட்டார், ஆனாலும் குரலுக்கு விடப்பட்ட அந்த இடம் அப்படியே இருந்தது. கிட்டார் வாசிக்கும் டோனி அயோமியின் ரிஃப் எழுதும் கை மாறவில்லை. பாடகர் வரும்போது எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பதைத்தான் அவர் மாற்றிக்கொண்டார். தேவாலயத்தில் பாடிப் பழகியவருக்கு நீண்ட சுரங்களைத் தாங்கிப் பாடும் பயிற்சி இருக்கும். ரிஃப்பின் ஒவ்வொரு அடிக்கும் ஓர் அசை என்று அவருக்குக் கொடுத்தால் அந்தப் பயிற்சி வீணாகும்.

இரண்டு குரலும் ஒரே ஆல்பத்தில் வருவதானால், டிரம்ஸ் ஒலி இரண்டு காலத்துக்கும் ஒத்துப்போக வேண்டும். அறை மாறியிருந்தால் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். குரல் மாறியதைக்கூட மன்னிப்பார்கள்.

பாரிமுனை_வழக்கறிஞர்:

கிட்டார் வாசிக்கும் நண்பரின் யோசனையைச் செயல்படுத்துவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி மெட்டுக்கு உரியவர் அதை அமைத்தவர், வரிகளுக்கு உரியவர் அவற்றை எழுதியவர், ஒலிப்பதிவுக்கு உரியவர் அதைத் தயாரித்தவர்; மூன்றும் தனித்தனி உரிமைகள். பதிவுக்கான செலவை நீங்கள் செய்திருப்பதால் அந்த மூன்று பதிவுகளும் உங்களுடையவையாக இருக்கலாம், ஆனால் சொல்லும் மெட்டும் அவருடையவை என்றால், வேறொருவரைப் பாடவைத்துப் புதிதாகப் பதிவு செய்ய அவருடைய அனுமதி தேவை. உரிமையை ஒப்படைப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் உலகம் முழுவதும் வெளியிடுபவர்கள் இந்த இரண்டையும் எழுத மறந்துவிடுகிறார்கள்.

பாடியவர் என்ற முறையிலும் அவருக்கு உரிமை உண்டு. அது நிகழ்த்தியதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டு நீடிக்கும். 2012-இல் செய்த திருத்தத்தின்படி, தன்னைப் பாடியவர் என்று குறிப்பிடக் கேட்கவும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி பாட்டைச் சிதைத்தால் தடுக்கவும் அவரால் முடியும். நேரத்துக்காகச் சில பகுதிகளை வெட்டுவது மட்டும் சிதைவாகாது. எவரும் ஐந்து ஆண்டு கழித்து ஒரு பாட்டின் மறுபதிப்பைப் பாடலாம் என்ற விதியைச் சிலர் சொல்வார்கள். முதல் பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின், உரிமைத்தொகையை முன்கூட்டியே செலுத்திவிட்டுச் செய்ய வேண்டிய காரியம் அது. உங்களுக்கு இப்போது பயன்படாது. நட்போடு பிரிந்திருக்கிறீர்கள் என்பதால்தான் சொல்கிறேன்: ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க இதுதான் ஏற்ற காலம்.

வியாசர்பாடி_பேஸ்:

அனைவருக்கும் நன்றி. தண்டையார்பேட்டை அண்ணன் கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஐந்து பாடல்களில் புதியவர் எழுதியது ஒன்றும் இல்லை. உங்கள் பதிலை ஒத்திகையில் படித்துக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டு, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். சேர்ந்த நாளிலிருந்தே அதில் எழுதிக்கொண்டிருந்தாராம். நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பதால் அவரும் சொல்லவில்லை. அதில் இரண்டு பாட்டுகள் எங்கள் ஐந்தில் மூன்றைவிட நன்றாக இருக்கின்றன. ஆகவே எங்களுடைய இரண்டை எடுத்துவிட்டு அவற்றைச் சேர்க்கிறோம்.

மிக்ஸர் அண்ணன் சொன்னபடி ரிஃப்பைத் தந்தி மாற்றி, மேடையில் வாசிக்கும் பழைய பாட்டுகளில் இரண்டை முயன்று பார்த்தோம். ஒன்று அப்படியே பொருந்திவிட்டது. மற்றது கனமிழந்து, சினிமாப் பாட்டின் இடையிசை போல ஆகிவிட்டதால் விட்டுவிட்டோம். பாடும் இடத்தில் கிட்டாரைக் குறைப்பது என்றதும் கிட்டார் நண்பரின் முகம் வாடியது. டியோ பாடும் அந்தப் பாட்டை நான்கு முறை போட்டுக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்.

பழைய குரலில் உள்ள மூன்றில் இரண்டைத் தனிச் சிறு தொகுப்பாக முதலில் வெளியிடுகிறோம். மூன்றாவதை, ஐயா சொன்னதுபோல ஆல்பத்தின் கடைசியில் வைக்கிறோம். டிரம்ஸ் நண்பர் இன்னும் முழுமனத்தோடு இல்லை. அந்தப் பாட்டின் முடிவில் புதியவரும் ஓரிரு வரி சேர்ந்து பாட வேண்டும் என்கிறார். அதைப் பாடியவரிடமே கேட்டுவிடுவது என்று முடிவெடுத்து, கப்பலுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறோம்.

மூர்மார்க்கெட்_இசைத்தட்டு:

மகிழ்ச்சி, தம்பி. சேர்ந்து பாடுவதானால் ஒரே ஒரு வேண்டுகோள். கடைசி வரியை அவரிடமே விட்டுவிடுங்கள், அதற்கு முந்தைய வரி வரை புதியவர் கூடப் போகட்டும்.

வியாசர்பாடி_பேஸ்:

பதில் வந்துவிட்டது, ஐயா. புதியவரும் சேர்ந்து பாடச் சம்மதம் தந்திருக்கிறார். ஆனால் புதியவரின் குரலைக் கேட்காமல் எந்த வரி என்று சொல்ல மாட்டேன் என்கிறார். அடுத்த மாதம் கரைக்கு வருகிறார்; வழக்கறிஞர் சொன்ன தாளையும் அன்றைக்கே எழுதிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். பேப்பர் மில்ஸ் சாலை அறையையே மறுபடியும் வாடகைக்குப் பேசியிருக்கிறேன், டிரம்ஸ் ஒலி ஒத்துப்போக வேண்டும் அல்லவா.